கடவுளிடம் போட்டுக்கொடுத்த பெரியம்மா

போன வாரம் செவ்வாய்க்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. வந்த வேகத்தில் இருபது பேர் 'ஆமென்' போட்டார்கள். கைகூப்பும் பொம்மை, புறா, மெழுகுவத்தி... எல்லாம் வரிசையாக வந்து இறங்கின.

நாலாவது நிமிடம் குரூப் அப்படியே அமைதியாகிவிட்டது.

ஏன் தெரியுமா? யாரோ ஒருவர் அந்தப் போட்டோவைப் படித்துத் தொலைத்துவிட்டார்!

பொறுங்கள் பிள்ளைகளே, முதலிலிருந்து வருகிறேன்.

எஸ்தர் பெரியம்மா போன மாதம் ஊரில், தூத்துக்குடிப் பக்கம், காலமானார். எண்பத்தோரு வயது. என் மனைவி கிறிஸ்டிக்குச் சொந்தப் பெரியம்மா. எனக்குப் பக்கத்துத் தெருக்காரர், அவ்வளவுதான். ஆனாலும் எனக்கு அபுதாபிக்கு விசா எடுத்தவரும் அவர், பெண் பார்த்து முடித்தவரும் அவர். எந்த வேலையில் சேர வேண்டும், யாரைக் கட்ட வேண்டும் என்ற இரண்டு பெரிய கவலைகளையும் எனக்கு வைக்காமல் அவரே பார்த்துக்கொண்டார். என் அபிப்பிராயம் கேட்டாரா? கேட்டிருந்தால் இன்னும் ஊரில்தான் இருந்திருப்பேன்.

கணவர் இறந்தபின், நாலு வயது மகனைத் தூக்கிக்கொண்டு அபுதாபியில் நர்ஸ் வேலைக்கு வந்தவர் அவர். அப்புறம் தம்பி, தங்கை, தம்பிக்கு மச்சினன், மச்சினனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் என்று ஒவ்வொருவராக இழுத்துவிட்டார். எப்படி? ஆஸ்பத்திரிக்கு ஊசி போட்டுக்கொள்ள வரும் கம்பெனி மேனேஜர்களிடம் கேட்பாராம் — "சார், உங்க கம்பெனிக்கு நல்ல பையன் ஒருத்தன் வேணுமா?" ஊசி அவர் கையில் இருக்கும்போது யார் மாட்டேன் என்பார்கள்?

அப்படி ஊசி முனையில் வேலை கிடைத்தவர்கள் நாங்கள் இருபத்தாறு பேர். நான் பதினெட்டாவது ஊசி. அபுதாபியை ஒட்டிய முசஃபா தொழிற்பேட்டையில் வண்டி ஏசி மெக்கானிக்.

புதிதாக வந்தவன் முதல் மாதம் பெரியம்மா வீட்டு ஹாலில் திரைக்கு இந்தப் பக்கம் படுக்க வேண்டும். வாடகை கிடையாது. ஆனால் ஆறரை மணிக்குக் குடும்ப ஜெபம் உண்டு. முழங்கால் போடாதவனுக்கு மீன் குழம்பு இல்லை. பக்கத்து ஊர் இந்துப் பையன்கள் வந்து தங்கினால் அவர்களுக்கு மட்டும் சலுகை — பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், குழம்பு வரும். எங்களுக்குச் சலுகை மாஃபி, அரபியில் 'கிடையாது'. அந்த ஹாலில் என் பக்தி எவ்வளவு வளர்ந்தது என்று சொல்ல முடியாது. எடை நாலு கிலோ கூடியது.

ஒன்று சொல்ல வேண்டும். இங்கே முன்பெல்லாம் வெள்ளிதான் லீவு. அதனால் கோயில் ஆராதனையும் வெள்ளிக்கிழமைதான். இருபத்தேழு வருஷம் வெள்ளிக்கிழமையில் ஞாயிறு கொண்டாடிய பெரியம்மா, ரிட்டையர் ஆகி ஊருக்குப் போன முதல் வாரம் என்ன செய்தார்? வெள்ளிக்கிழமை காலை வெள்ளைச் சேலையும் வேதப்புத்தகமுமாகப் போய்ப் பூட்டிய கோயில் வாசலில் நின்றார். சாவி வைத்திருப்பவர் ஓடிவந்து, "அம்மா, இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா!" என்றாராம்.

"ஆண்டவர் இன்னைக்கு லீவா? தெறய்யா!" என்றாராம் பெரியம்மா.

திறந்துவிட்டார்கள். அப்புறம் வெள்ளியும் போனார், ஞாயிறும் போனார். கடவுளுக்கு வாரம் இரண்டு நாள் டூட்டி.

இப்படிப்பட்டவரின் அடக்கத்துக்கு, இங்கிருந்து ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் மூன்று பேர். இருபத்தாறில் மூன்று! சிலருக்கு லீவு இல்லை, சிலருக்கு டிக்கெட் இல்லை. நான் ஒரு லாரிக்கடியில் படுத்துக்கொண்டு போனில் நேரலை பார்த்தேன். சரியாகக் குழியில் இறக்கும்போது நெட் நின்று படம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எவ்வளவு நன்றியுள்ள கூட்டம் பார்த்தீர்களா?

அந்தக் குற்ற உணர்ச்சியைக் கழுவத்தான், சனிக்கிழமை சாயங்காலம் இங்கே கோயில் ஹாலில் ஒரு நினைவு ஆராதனை என்று முடிவாயிற்று. கமிட்டி போட்டார்கள். நம் ஆட்கள் ஐந்து பேர் சேர்ந்து டீ குடித்தாலே கமிட்டிதானே!

பெரியம்மாவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதி வாசிக்கும் வேலை எனக்கு. 'வாராவாரம் பிள்ளைகளுக்கு எழுதுகிறவன்' என்ற தகுதியில். எழுதிக் கொடுத்தேன். கமிட்டி திருத்தியது. 'கண்டிப்பானவர்' என்றிருந்ததை 'கனிவானவர்' ஆக்கினார்கள். கடைசியில் ஒரு வரியும் சேர்த்தார்கள் — 'யாரிடமும் மென்மையாகவே பேசுவார்.'

மென்மை! எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கிரைண்டர் ஓடும்போதுகூட போனில் பெரியம்மா குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும்.

அடுத்து வந்தது அந்தப் போட்டோ. போட்டவர் ராஜாசிங் மச்சான் — பெரியம்மாவின் ஒரே மகன். முசஃபாவில் ஸ்பேர் பார்ட்ஸ் குடோனுக்கு மேனேஜர். அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்த மூவரில் ஒருவர். திரும்பும்போது அம்மாவின் ஜெப நோட்டைக் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து, 'அம்மாவின் அழகான ஜெபம்' என்று இங்கிலீஷில் தலைப்பு வைத்து குரூப்பில் போட்டுவிட்டார்.

மச்சானுக்குத் தமிழ் வாசிக்க வராது. இங்கேயே இங்கிலீஷ் ஸ்கூலில் படித்து வளர்ந்தவர். நம் குரூப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அதனால்தான் அந்த இருபது ஆமென்!

பெரியம்மா நர்ஸ் அல்லவா? ஜெப நோட்டையும் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் மாதிரியே எழுதியிருந்தார். ஆளுக்கொரு பக்கம். பெயர், நோய், மருந்து. கீழே 'டிஸ்சார்ஜ்' என்று ஓர் இடம் — ஜெபம் கேட்கப்பட்டால் தேதி போட.

மச்சான் போட்ட பக்கத்தில் இருந்தது இது:

'பெயர்: செல்வின். நோய்: கோயிலில் நன்றாகப் பாடுகிறான். ஒரே பில்டிங்கில் இருக்கும் தம்பி கிங்ஸ்லியோடு ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை. காரணம் கார் நிறுத்தும் இடம். மருந்து: ஆண்டவரே, அவன் மனதைத் தொடும். முடியாவிட்டால் தொண்டையைத் தொடும்.'

செல்வின், கிறிஸ்டியின் சித்தப்பா மகன். எங்கள் பாடகர் குழுத் தலைவர். தமிழ் தெரிந்தும் படிக்காமலே அந்தப் போட்டோவுக்கு முதல் ஆமென் போட்டவரும் அவர்தான்.

அழிக்கச் சொல்ல வேண்டியதுதானே என்கிறீர்களா? படித்தேன் என்று ஒத்துக்கொண்டால்தானே அழிக்கச் சொல்ல முடியும்! படம் அப்படியே கிடந்தது. சாயங்காலம் மச்சானே அடுத்த குண்டைப் போட்டார். சனிக்கிழமை முழு நோட்டும் வாசிக்கப்படும். வாசிக்கப்போவது ஷெரின்.

ஷெரின் யார்? என் மகள். பத்தாம் வகுப்பு. 'கையெழுத்துத் தமிழைக்கூட தடங்கல் இல்லாமல் வாசிப்பாள், நான்தான் கற்றுக்கொடுத்தேன்' என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டவன் யார்? நான்!

குரூப்பில் திடீரென்று எல்லோருக்கும் நேரத்தின் அருமை புரிந்தது. 'ஹால் ஏழு மணி வரைதான்.' 'பிரியாணி ஆறிவிடும்.' 'சின்னப் பிள்ளைகள் அழும்.' நானும் என் பங்குக்கு, ஜெபம் என்பது கதவை மூடிக்கொண்டு அந்தரங்கமாகச் செய்ய வேண்டியது என்று வேத வசனத்தை நினைவூட்டினேன். பத்தொன்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். மாமிகள் இருவர் ஷெரினுக்கு சாக்லேட் அனுப்பினார்கள்.

எனக்கென்ன பயம்? சொல்கிறேன். சொல்லத்தான் போகிறேன்.

ஷெரின் நாலாவது படிக்கும்போது ஒருநாள், "டாடி, டென்த்ல மேத்ஸ் எவ்ளோ?" என்று கேட்டாள். "தொண்ணூத்திரெண்டு" என்றேன். எங்கிருந்து வந்தது அந்த எண்? தெரியாது. வாய்க்கு வந்தது.

அப்போது விசிட் விசாவில் வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த பெரியம்மா, அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார். "ஜான்சா... கொஞ்சம் இங்க வா."

போனேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு விசா எடுக்க உன் மார்க் ஷீட்டைக் கொண்டு குடுத்தது யாரு?"

"நீங்கதான் பெரியம்மா."

"கணக்குல எவ்வளவுல?"

"...பத்தொம்பது."

"பத்தாவது பாஸா?"

"பெயிலு."

"பெறவு தொண்ணூத்திரெண்டு யாரு எடுத்தா? பக்கத்து வீட்டுக்காரனா?"

நான் வெங்காயத்தைப் பார்த்தேன். கண் எரிந்தது. நல்ல சாக்கு.

"நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?"

"ஐயோ, அவகிட்டயா பெரியம்மா?"

"அவகிட்ட நான் எதுக்குச் சொல்லணும்? மேல சொல்லுதேன்."

மேலே என்றால் ஆறாவது மாடி இல்லை பிள்ளைகளே. கடவுளிடம் நேரடியாகப் போட்டுக்கொடுக்கும் ஆள்! போலீஸிடம் போட்டுக்கொடுத்தால்கூட யாரையாவது பிடித்துச் சரிசெய்யலாம். இதற்கு எந்த கஃபீலை, விசா கொடுக்கும் எந்த முதலாளியைப் பிடிப்பது?

சொல்லலாம், சொல்லலாம் என்று ஆறு வருஷம் ஓடிவிட்டது. அந்தத் தொண்ணூற்றிரண்டு என்னோடு வீட்டில் ஒரு ஆளாகவே குடியிருந்தது. ஷெரின் மார்க் கொண்டுவரும்போதெல்லாம் அதை எழுப்பி முன்னால் நிறுத்துவேன். இந்தப் பத்தியில்கூட ஒருமுறை 'நான் கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கிய கதை' எழுதினேனே, நினைவிருக்கிறதா? நீங்களும் படித்துவிட்டு உற்சாகமாக இருந்திருப்பீர்கள். மன்னியுங்கள்.

ஆக, வியாழக்கிழமை நாலு மணிக்கு டூட்டி முடிந்ததும் நேராக மச்சானின் குடோனுக்குப் போனேன். திட்டம் எளிது. நோட்டை ஷெரினிடம் சேர்ப்பதாக வாங்க வேண்டியது. வழியில் ஒரு பக்கம் தொலைந்துபோக வேண்டியது.

அங்கே செல்வின் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். "ஜெபத்துக்கு டியூன் போடலாம்னு பாக்க வந்தேன்" என்றார். கேஸ் ஷீட்டுக்கு டியூன்! நானும் தலையாட்டினேன்.

ராஜாசிங் மச்சான் டீ சொன்னார். டீ வருவதற்குள் கதவு திறந்தது. கிங்ஸ்லி!

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆறு வருஷமாக லிஃப்டில் எதிரெதிரே நின்று கூரையைப் பார்த்தவர்கள். செல்வின் வாயிலிருந்துதான் முதலில் வந்தது.

"என்னல, நீயும் கிழிக்கத்தான் வந்தியா?"

"நீ எதுக்கு வந்தே? பாட்டுப் படிக்கவா?"

"நான் டியூன் போட வந்தேன்!"

"கிழிச்சே. உன் பக்கத்தைத்தான் ஊரே படிச்சிருச்சே... இனி கிழிச்சு என்ன பிரயோஜனம்?"

அவ்வளவுதான். செல்வின் சிரித்துவிட்டார். கிங்ஸ்லி அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. மனதைத் தொட்டதா, தொண்டையைத் தொட்டதா... ஆண்டவருக்கே வெளிச்சம்.

ராஜாசிங் மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. "வெயிட், வெயிட். எதுக்குக் கிழிக்கணும்? அம்மா என்னதான் எழுதிருக்காங்க? ஜான்சன், நீ படி."

படித்தேன். செல்வின் பக்கம் முழுவதையும் கேட்டதும் மச்சான் முகம் வெளுத்துவிட்டது. "இதையா நான் குரூப்ல போட்டேன்? மை காட்... சாரிடா செல்வின்." அப்புறம் மெல்லக் கேட்டார். "என் பேஜ் இருக்கா?"

இருந்தது.

'பெயர்: ராஜாசிங். நோய்: போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு கம்ப்யூட்டர் தட்டுகிறான். டக் டக் என்று கேட்கிறது. நான் என்ன சொன்னாலும் ம்... ம்... என்கிறான். மருந்து: அவனுக்கு என் எழுத்து வாசிக்க வராது. அது அவன் நோய் இல்லை, என் நோய். டூட்டி டூட்டி என்று ஓடினேன், உட்கார்த்தித் தமிழ் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆண்டவரே, இந்த நோட்டை யாராவது அவனுக்கு வாசித்துக் காட்டட்டும்.'

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அந்த லாஸ்ட் லைன்... இன்னொரு தடவை படி" என்றார் மச்சான். படித்தேன். மேஜையில் இருந்த போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து செல்வின்தான் ஆரம்பித்தார். "எங்க ரெண்டு பேர் பக்கமும் ஆச்சு. உன் பக்கம் எங்கல?"

"எனக்குப் பக்கம் இல்ல மச்சான்" என்றேன். பக்தியோடு சொன்னேன். நம்பவில்லை. நோட்டைப் பிடுங்கி, அதே பாட்டுக் குரலில் வாசித்தார்.

'பெயர்: ஜான்சன். நோய்: கணக்கில் பத்தொன்பது, பிள்ளையிடம் தொண்ணூற்றிரண்டு. கை சுத்தம். வாய் சுத்தமில்லை. மருந்து: நான் சொன்னால் அந்தப் பிள்ளை இவனை மன்னிக்காது. அவனே சொல்லட்டும். அதுவரை என் வாய்க்குப் பூட்டுப் போடும் ஆண்டவரே. அதுதான் பெரிய வேலை.'

ஆறு வருஷம்! ஊரையே போனில் வறுத்தெடுத்த அந்த வாய், என் விஷயத்தில் மட்டும் ஒரு மனுஷரிடமும் திறக்கவில்லை. கிறிஸ்டியிடம்கூட இல்லை.

கிங்ஸ்லி சிரிக்காமல் கேட்டான். "அத்தான், அப்ப கிழிச்சிரலாமா?"

மச்சான் நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். "ஷெரின்கிட்ட குடு. என்ன வாசிக்கணும்னு அவளே டிசைட் பண்ணட்டும்."

முசஃபாவிலிருந்து வீட்டுக்கு முக்கால் மணி நேரம். பக்கத்து சீட்டில் நோட்டு. ஒவ்வொரு சிக்னலிலும் அதைப் பார்த்தேன். ஒரு பக்கம் கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? சிவப்பு விளக்கு பச்சையாகிற நேரம் போதும். ஏழு சிக்னல் போயிற்று. வீரத்தால் கிழிக்காமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஷெரின் சாப்பாட்டு மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நோட்டை முன்னால் வைத்தேன். கையை அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

"அதுல எனக்கு ஒரு பக்கம் இருக்கு. படிக்கறதுக்கு முன்னால நானே சொல்லிடறேன். நான் பத்தாவது பெயில். கணக்குல பத்தொம்பது."

"அவுட் ஆஃப் ட்வென்ட்டியா?"

"நூத்துக்கு."

நிமிர்ந்து பார்த்தாள். "டாடி... சீரியஸ்லி? நைன்டீன்?" என்று சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். அப்பாடா, முடிந்தது என்று நானும் சிரித்தேன்.

அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அப்ப போன டெர்ம்ல எனக்கு சிக்ஸ்டி எய்ட் வந்தப்ப... மூணு நாள் என்கூடப் பேசாம இருந்தீங்களே. எதுக்கு?"

பதில் இருந்தால் உங்களில் யாராவது எனக்கு எழுதுங்கள்.

"தப்பும்மா" என்றேன்.

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, என் பக்கத்தைத் தேடி, விரல் வைத்துக் கடைசி வரை படித்தாள். கீழே டிஸ்சார்ஜ் என்ற இடம் காலியாக இருந்தது.

"தேதி போடுறியா?" என்று பேனாவை நீட்டினேன்.

"நோ. இப்ப அப்சர்வேஷன்ல இருங்க. உங்க காலத்துல பொய்யா எழுதினீங்கல்ல, அதுலயே உண்மையை எழுதுங்க. அப்புறம் பார்க்கலாம்."

காலம் என்று அவள் இங்கிலீஷில் சொல்வது இந்தப் பத்தியைத்தான். எழுதிவிட்டேன். நீங்களே சாட்சி.

சனிக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. ஷெரின் நோட்டோடு மைக் முன்னால் போனபோது இத்தனை பேர் ஒரே நேரத்தில் இவ்வளவு உருக்கமாக ஜெபித்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

அவள் யாருடைய பக்கத்தையும் எடுக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்து அதை மட்டும் வாசித்தாள்.

"பெயர்: எஸ்தர். நோய்: வாய். மருந்து: இதைக் குறைத்தருளும், ஆண்டவரே."

பிறகு சொன்னாள். "இதே வரி நிறைய தடவை இருக்கு. ஒவ்வொரு தடவையும் வேற வேற இங்க். டிஸ்சார்ஜ் டேட் இல்ல."

ஹால் கொல்லென்று சிரித்தது. ராஜாசிங் மச்சான் சிரிக்கும்போதே கைக்குட்டையை எடுத்துவிட்டார். முன் வரிசையில் செல்வினும் கிங்ஸ்லியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கார் எங்கே நிறுத்தினாய் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது!

அடுத்து நான் வாழ்க்கைக் குறிப்பை வாசிக்க எழுந்தேன். மச்சான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அந்த சாஃப்ட்டாப் பேசுவாங்கன்னு ஒரு லைன் வருமே... எங்க இருக்கு, காட்டு."

காட்டினேன். அவரே பேனாவை வாங்கி, அந்த வரியை அழுத்தி அடித்துவிட்டார்.

சில ஜெபங்களுக்கு ஆண்டவர் கடைசி வரை பதில் சொல்லாமல் இருப்பது எவ்வளவு நல்லது!